பொத்தான் பச்சை, மோட்டார் ஓடவில்லை: வீட்டுக் கருவிகளுக்கு ஒரு பிரவுசர் பக்கம் எழுதுவது

எங்கள் வீட்டு மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற ஒரு மோட்டார் இருக்கிறது. தொட்டி நிரம்பினால் அது தானே நின்றுவிடும். போடுவதற்குத்தான் ஆள் போக வேண்டும். அம்மா படியிறங்கிப் போக வேண்டாமே என்று, போனிலேயே திறக்கிற ஒரு சின்னப் பக்கத்தை எழுதிக் கொடுத்தேன். பெரிய பொத்தான் ஒன்று, தொட்டால் பச்சையாகும். ஒரு ராத்திரி அம்மா தொட்டார், பச்சையானது, "மோட்டார் போட்டாச்சுடா" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். காலையில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. மோட்டாரை இயக்கும் ரிலே (வைஃபையில் கட்டளை வந்தால் கரண்டைப் போட்டு அணைக்கும் சின்ன ஸ்விட்ச்) வைஃபையிலிருந்து விழுந்து கிடந்திருக்கிறது. கட்டளை அதற்குப் போய்ச் சேரவே இல்லை. பக்கம் மட்டும் பச்சையைக் காட்டியது, ஏனென்றால் தொட்டவுடன் பச்சையாக்கு என்றுதான் நான் எழுதி வைத்திருந்தேன்.

வீட்டுக் கருவிகளுக்கு முதன்முதலாகப் பக்கம் எழுதுகிறவர்கள் அநேகமாக இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். பொத்தானைத் தொடுவது ஒரு வேண்டுகோள். மோட்டார் ஓடுவது ஒரு நிலவரம். இரண்டும் வேறு வேறு. இதைப் பிடித்துக்கொண்டால் மற்ற எல்லாமே எளிதாகப் புரியும் என்பதால், இதை விடாமலே விஷயத்தைச் சொல்கிறேன்.

உதாரணத்துக்கு, வீட்டுக் கருவிகளை எல்லாம் ஒரே இடத்திலிருந்து இயக்க உதவும் ஹோம் அசிஸ்டென்ட் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். பௌலஸ் ஸ்கௌட்சன் 2013-ல் பைதான் மொழியில் தொடங்கிய திறமூல மென்பொருள் இது. 2024 முதல் ஓப்பன் ஹோம் ஃபவுண்டேஷன் என்ற லாபநோக்கற்ற அமைப்பின் கீழ் இருக்கிறது. ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினிப் போர்டிலோ பழைய கணினியிலோ ஏற்றி வீட்டு ரவுட்டருடன் இணைத்துவிட்டால் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும். பிரவுசரில் அந்தக் கணினியின் முகவரியைப் போட்டு, பக்கத்தில் 8123 என்ற போர்ட் எண்ணையும் சேர்த்தால் அதன் திரை வரும்.

இங்கே மூன்று தரப்புகள் இருக்கின்றன. ஒன்று கருவி: விளக்கு, ரிலே, தண்ணீர் மட்டம் பார்க்கும் சென்சார். இன்னொன்று சர்வர், அதாவது ஹோம் அசிஸ்டென்ட். மூன்றாவது கிளையன்ட், அதாவது நாம் எழுதப்போகும் பக்கம். பக்கம் எந்தக் கருவியோடும் நேரடியாகப் பேசுவதில்லை. ஒரு விளக்கு ஜிக்பி என்ற கம்பியில்லா முறையில் பேசும், ஒரு ரிலே எம்க்யூடிடி என்ற முறையில் பேசும், இன்னொன்றுக்கு அதன் கம்பெனியின் சொந்த முறை இருக்கும். பிரவுசருக்கு இதெல்லாம் தெரியாது. பாதுகாப்புக்காக அதன் கைகளைக் கட்டித்தான் வைத்திருக்கிறார்கள். வலைத்தளங்களோடு பேசுகிற ஹெச்டிடிபி, வெப்சாக்கெட் மாதிரி சில வழிகள் மட்டுமே அதற்குத் திறந்திருக்கும். அதனால் எல்லாக் கருவிகளின் பேச்சையும் ஒரே பேச்சாக மாற்றிச் சொல்லும் வேலையை சர்வர் செய்கிறது. இது நமக்குப் பெரிய வசதி. ரிலேயை மாற்றிவிட்டு வேறு கம்பெனி ரிலே போட்டாலும், சர்வரில் அதே பெயரை வைத்துவிட்டால் பக்கத்தில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியதில்லை.

சர்வருக்கென்று ஏற்கெனவே ஒரு நல்ல திரை இருக்கிறதே, சொந்தமாக ஏன் எழுத வேண்டும்? நியாயமான கேள்வி. பெரும்பாலானவர்களுக்கு அதனுடைய டாஷ்போர்டே போதும். அதில் முடிகிற வேலைக்குத் தனியாகப் பக்கம் எழுதாதீர்கள். எனக்குத் தேவைப்பட்டது வேறு. அம்மாவுக்கு இரண்டே பொத்தான், கண்ணாடி போடாமலே படிக்க முடிகிற அளவு எழுத்து, பழைய போனிலும் சட்டென்று திறக்க வேண்டும். பிரவுசர் பக்கம் என்றால் ஆப் நிறுவ வேண்டாம், ஆண்ட்ராய்டுக்கு ஒன்று ஐபோனுக்கு ஒன்று என்று எழுதவும் வேண்டாம்.

இன்னொரு நல்ல செய்தி: ஹோம் அசிஸ்டென்டின் சொந்தத் திரையும் பிரவுசரில் ஓடும் ஒரு கிளையன்ட்தான். அது சர்வரோடு பேசும் அதே வாசல் நமக்கும் திறந்திருக்கிறது. நம்பிக்கை வரவில்லையென்றால் கணினியில் அந்தத் திரையைத் திறந்து எஃப்12 விசையை அழுத்துங்கள். நெட்வொர்க் பகுதிக்குப் போய், வெப்சாக்கெட் செய்திகளை மட்டும் காட்டச் சொல்லிவிட்டு பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். ஒரு விளக்கைப் போட்டு அணையுங்கள். போகிற செய்தி, வருகிற செய்தி எல்லாம் அப்படியே கண்முன் ஓடும். எந்தப் பாடத்தையும் படிப்பதற்கு முன்னால் பத்து நிமிடம் இதைப் பார்த்துக்கொண்டிருப்பது நல்லது. நான் கற்றதில் பாதி அங்கே கற்றதுதான்.

அந்தச் செய்திகளில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது என்டிட்டி என்ற சொல். சர்வருக்குத் தெரிந்த ஒவ்வொரு பொருளும் ஒரு என்டிட்டி. அதற்கு இரண்டு பகுதியுள்ள ஒரு பெயர் உண்டு. நடுவில் ஒரு புள்ளி. புள்ளிக்கு முன்னால் வகை (லைட், ஸ்விட்ச், சென்சார் என்று), பின்னால் நாம் வைத்த பெயர். ஸ்விட்ச் புள்ளி மோட்டார் என்றால் அது எங்கள் மோட்டார். ஒவ்வொரு என்டிட்டிக்கும் ஒரு நிலை இருக்கும், கூடவே அலகு, அழைக்கும் பெயர், விளக்கின் பிரகாசம் போன்ற துணைத் தகவல்களும் இருக்கும்.

நிலை எப்போதுமே எழுத்தாகத்தான் வரும் என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் 100 சதவீதம் தண்ணீர் இருந்தாலும் வருவது 100 என்ற எண் இல்லை, ஒன்று சைபர் சைபர் என்ற மூன்று எழுத்து. எச்சரிக்கை அளவையும் சர்வரில் இன்னொரு என்டிட்டியாக வைத்திருந்தால் அதுவும் 20 என்ற எழுத்தாக வரும். இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால், பிரவுசர் பக்கங்களை எழுதும் மொழியான ஜாவாஸ்கிரிப்ட் அகராதி வரிசையில் ஒப்பிடும். 1 என்பது 2-க்கு முன்னால் வருவதால் 100 சின்னது, 20 பெரியது என்று தீர்ப்புச் சொல்லிவிடும். தொட்டி ததும்பிக்கொண்டிருக்கும்போது திரை "தண்ணீர் குறைவு" என்று சிவப்பு காட்டும். எண்ணாக மாற்றிவிட்டு ஒப்பிட வேண்டும், அதுவும் மாற்றியது உண்மையில் எண்தானா என்று பார்த்துவிட்டு. ஏனென்றால் அன்அவைலபிள், அன்னோன் என்ற இரண்டு நிலைகளும் அதே இடத்தில் வரும். கருவி தொடர்பில் இல்லை என்பது முதலாவது, மதிப்பு இன்னும் தெரியாது என்பது இரண்டாவது.

சரி, நிலவரத்தை எப்படித் தெரிந்துகொள்வது? இரண்டு வழி. ஊரில் கரண்ட் வந்துவிட்டதா என்று பக்கத்து வீட்டுக்கு இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை போன் போட்டுக் கேட்கலாம். அல்லது போனை வைக்காமல் லைனிலேயே இருக்கச் சொல்லி, வந்ததும் சொல்லச் சொல்லலாம். முதல் வழிதான் ஹெச்டிடிபி மூலம் அடிக்கடி கேட்பது. எழுதச் சுலபம்; ஆனால் வீட்டில் ஐந்து போன் இருந்தால் ஐந்தும் கேட்டுக்கொண்டே இருக்கும், இரண்டு கேள்விக்கு நடுவில் நடந்தது அடுத்த கேள்வி வரைக்கும் தெரியாது. இரண்டாவது வழிதான் வெப்சாக்கெட். ஒரு தடவை திறந்த இணைப்பு திறந்தே இருக்கும், இரு பக்கமும் நினைத்தபோது பேசலாம். 2011-லேயே தரமாகிவிட்டது, இன்று புழக்கத்தில் இருக்கும் எல்லா பிரவுசர்களிலும் இருக்கிறது. நம் வேலைக்கு இதுதான் சரி.

இணைப்பு திறந்ததும் முதலில் பேசுவது சர்வர். "அனுமதி வேண்டும்" என்று ஒரு செய்தி அனுப்பும். நாம் டோக்கனை, அதாவது நுழைவுச் சாவியாக இருக்கிற நீளமான எழுத்துக் கோவையை அனுப்ப வேண்டும். சரியாக இருந்தால் "அனுமதி உண்டு" என்று பதில் வரும். அதன்பிறகு நாம் அனுப்பும் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு வரிசை எண் கொடுக்க வேண்டும்: 1, 2, 3 என்று ஏறிக்கொண்டே போகணும். பழைய எண்ணை மறுபடி கொடுத்தால் சர்வர் ஏற்காது. பதிலிலும் அதே எண் இருக்கும். பல கேள்விகளை வரிசையாகக் கேட்டுவிட்டு, எந்தப் பதில் எந்தக் கேள்விக்கு என்று பிரித்துப் பார்ப்பதற்குத்தான் இந்த ஏற்பாடு.

பக்கம் திறந்தவுடன் அனுப்ப வேண்டியவை இரண்டு. ஒன்று, எந்த என்டிட்டியின் நிலை மாறினாலும் சொல்லு என்ற கோரிக்கை. இன்னொன்று, இப்போது எல்லாவற்றின் நிலையும் என்ன என்ற கேள்வி. இந்த வரிசை முக்கியம். முதலில் நிலையைக் கேட்டுவிட்டு அப்புறம் மாற்றங்களைச் சொல்லச் சொன்னால், நடுவில் இருக்கும் ஒரு நொடியில் யாராவது விளக்கை அணைத்தால் அது நமக்குத் தெரியாமலே போய்விடும். மறுபடி அந்த விளக்கு மாறும் வரைக்கும் திரை தவறாகவே இருக்கும்.

வந்த நிலைகளை எல்லாம் பக்கத்துக்குள் ஒரே ஒரு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெயரைக் கொடுத்தால் நிலையைத் தருகிற ஒரு பட்டியல் போதும். சர்வரிடமிருந்து மாற்றம் வந்தால் பட்டியல் மாறும். பட்டியல் மாறினால் திரை மாறும். வேறு எதற்காகவும் திரை மாறக் கூடாது. ரியாக்ட் போன்ற பெரிய கட்டமைப்பு எதுவும் இதற்குத் தேவையில்லை. இரண்டு பொத்தானுக்கு சாதாரண ஜாவாஸ்கிரிப்டில் 150 வரிக்குள் முடித்துவிடலாம். முதல் தடவை கையாலேயே எழுதிப் பாருங்கள். பிடிபட்ட பிறகு, இதற்கென்றே ஹோம் அசிஸ்டென்ட் குழு வெளியிட்டிருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்துக்கு, அதாவது ஏற்கெனவே எழுதி வைத்த நிரல் தொகுப்புக்கு, மாறிக்கொள்ளலாம். மேலே சொன்ன வரிசைச் சிக்கலையும், இணைப்பு அறுந்தால் மறுபடி இணைவதையும் அது பார்த்துக்கொள்ளும்.

இப்போது பொத்தானுக்கு வருவோம். தொட்டதும் கால் சர்வீஸ் என்ற வகைச் செய்தியை அனுப்ப வேண்டும்: ஸ்விட்ச் வகை, டர்ன் ஆன் என்ற வேலை, எங்கள் மோட்டாரின் பெயர். (2024-ல் இந்த சர்வீஸ் என்ற சொல்லைத் திரையில் ஆக்‌ஷன் என்று மாற்றினார்கள். செய்தியில் பழைய பெயரே தொடர்கிறது, குழம்ப வேண்டாம்.) சர்வரிடமிருந்து "வெற்றி" என்று பதில் வரும். இங்கேதான் நான் இரண்டாவது முறையும் விழுந்தேன். முதல் பிழையைத் திருத்துகிறேன் என்று, வெற்றி என்ற பதில் வந்தால் பச்சையாக்கு என எழுதினேன். ரிலேயை வேண்டுமென்றே பிடுங்கிவிட்டுச் சோதித்தேன். அப்போதும் பச்சையானது.

காரணம் இதுதான். தொடர்பில் இல்லாத என்டிட்டிக்குக் கட்டளை வந்தால் ஹோம் அசிஸ்டென்ட் அதைத் தாண்டிப் போய்விடும், அதைப் பிழையாகச் சொல்லாது. கேட்ட வேலையைப் பார்த்தாகிவிட்டது என்ற பொருளில்தான் வெற்றி என்கிறது. ஓட்டலில் நாம் தோசை சொன்னதும் சப்ளையர் தலையாட்டுகிறார். அது காதில் விழுந்தது என்பதற்கான அடையாளம். தோசை வந்ததற்கு அடையாளம் இலையில் தோசை இருப்பதுதான். நம் கதையில் இலையில் விழும் தோசை, மோட்டாரின் நிலை மாறியது என்று சர்வர் தானாக அனுப்பும் அந்த இன்னொரு செய்தி. அது வந்தால் மட்டுமே பச்சை.

அப்படியானால் தொட்டதற்கும் செய்தி வருவதற்கும் நடுவில் திரையில் என்ன காட்டுவது? ஒன்றும் காட்டாமல் விட்டால் அம்மா மறுபடி மறுபடி தொடுவார். என் பக்கத்தில் பொத்தான் மங்கி, "சொல்லியிருக்கிறேன், பொறுங்கள்" என்று எழுத்து வரும். ஐந்து நொடிக்குள் நிலை மாறினால் "ஓடுகிறது". மாறவில்லையென்றால் "மோட்டாரிடமிருந்து பதில் இல்லை" என்று வரும். வீட்டு வைஃபைக்குள் பெரும்பாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் பதில் வந்துவிடும், ஆகவே நடுவிலிருக்கும் எழுத்து பல நேரம் கண்ணிலேயே படாது. படும் நாளில்தான் அது தேவை.

இதோடு சேர்ந்த இன்னொரு பழக்கம்: மாற்றிப்போடு என்று பொருள்படும் டாகிள் வேலையைப் பயன்படுத்தாதீர்கள். அது இருந்தால் ஒரே பொத்தானில் முடிந்துவிடுமே என்று கை அதற்குத்தான் போகும். ஆனால் அம்மா கீழே ஒரு போனில், நான் மேலே ஒரு போனில் ஒரே சமயத்தில் தொட்டால் ஒருவர் போட்டதை மற்றவர் அணைத்துவிடுவோம். "போடு", "நிறுத்து" என்று தெளிவாகச் சொன்னால் பத்துப் பேர் தொட்டாலும் முடிவு ஒன்றுதான்.

நிலையைத் திருப்பிச் சொல்லவே முடியாத கருவிகளும் உண்டு. ரிமோட் போல அகச்சிவப்புக் கதிர் அனுப்பி ஏசியை இயக்கும் பெட்டி அப்படிப்பட்டது. அனுப்பியது ஏசிக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அதற்குத் தெரியாது. இப்படி ஊகித்துச் சொல்லும் என்டிட்டிகளில் பலவற்றுக்கு, நிலை ஊகம்தான் என்று துணைத் தகவலில் ஒரு குறிப்பு இருக்கும். சர்வரின் சொந்தத் திரை அவற்றுக்கு ஒரே ஸ்விட்ச் படம் போடாமல் போட ஒன்று, அணைக்க ஒன்று என இரண்டு மின்னல் படங்களைக் காட்டும். நேர்மையான வடிவமைப்பு அது. நாமும் அப்படியே செய்ய வேண்டும்.

இணைப்பு அறுந்தால்? அறும். கரண்ட் போகும், ரவுட்டர் மறுபடி எழும், போன் திரை அணைந்ததும் பிரவுசர் பக்கத்தைத் தூங்க வைக்கும். தூங்கி எழுந்த பக்கம் பார்ப்பதற்கு உயிரோடிருப்பது போலவே இருக்கும். காட்டுவது அரை மணி நேரத்துக்கு முந்தைய நிலவரமாக இருக்கும். அதனால் குறிப்பிட்ட இடைவெளியில், நான் 30 நொடிக்கு ஒருமுறை, பிங் என்று அனுப்பி பாங் என்று பதில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பக்கம் மறுபடி கண்ணுக்குத் தெரிய வரும்போதும் பார்க்க வேண்டும். பதில் இல்லையென்றால் எல்லாப் பொத்தான்களையும் மங்கலாக்கி "வீட்டோடு தொடர்பு இல்லை" என்று எழுதுங்கள். பழைய நிலையை அப்படியே விட்டுவைக்காதீர்கள். மறுபடி இணைய முயலும்போது 1 நொடி, 2, 4 என்று இடைவெளியை நீட்டிக்கொண்டே போய் 30-ல் நிறுத்துங்கள். இணைந்ததும் எல்லாவற்றையும் புதிதாகக் கேளுங்கள்.

இதே காரணத்துக்காக, முடிவெடுக்கும் வேலை எதையும் பக்கத்துக்குள் வைக்கக் கூடாது. மோட்டார் போட்டு 20 நிமிடம் கழித்து நிறுத்து என்று ஜாவாஸ்கிரிப்டில் எழுதுவது இரண்டு வரி வேலை. போனைப் பூட்டிப் பையில் போட்டால் அந்த இரண்டு வரியும் தூங்கிவிடும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்தும் வேலை சர்வரில் ஆட்டோமேஷனாக, அதாவது சர்வர் தானே செய்யும் விதியாக இருக்கணும். அதைவிட நல்லது, ரிலேக்குள்ளேயே இருப்பது. சர்வர் நின்றாலும் அது வேலை செய்யும். மின்சார வேலை பற்றியும் ஒரு வார்த்தை: கிளம்பும்போது மோட்டார் இழுக்கும் கரண்ட் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு. சின்ன வைஃபை ரிலேயில் நேரடியாக மாட்டாதீர்கள். ரிலே காண்டாக்டரை (பெரிய கரண்டைத் தாங்கும் ஸ்விட்ச்) இயக்க வேண்டும், காண்டாக்டர்தான் மோட்டாரை இயக்க வேண்டும். அதை ஒரு எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

எழுதிய பக்கத்தை எங்கே வைப்பது? ஹோம் அசிஸ்டென்டின் அமைப்புக் கோப்புறைக்குள் டபிள்யூடபிள்யூடபிள்யூ என்று மூன்றெழுத்தில் ஒரு கோப்புறை போட்டு அதில் வைத்தால், லோக்கல் என்ற பாதையில் சர்வரே அதைப் பரிமாறும். பக்கமும் சர்வரும் ஒரே முகவரியில் இருப்பதால் வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கை என்று பிரவுசர் தடுக்கும் தொல்லை இல்லை. ஆனால் ஒன்று: அந்தக் கோப்புறையில் இருப்பதைப் படிக்க லாகின் தேவையில்லை. சர்வரை எட்ட முடிகிற யாரும் படிக்கலாம். பயனர் பக்கத்தில் நாமே உருவாக்கிக்கொள்ளும் நீண்டகால டோக்கன் 10 ஆண்டு செல்லும். அதைக் கோப்பில் எழுதி வைப்பது, வாசல் சாவியை வாசலிலேயே ஆணியில் மாட்டுவதற்குச் சமம். நான் வீட்டிலுள்ள ஒவ்வொரு போனிலும் ஒரு தடவை மட்டும் டோக்கனைக் கேட்டு, அந்த பிரவுசரின் சேமிப்பிலேயே வைக்கிறேன். ஒவ்வொரு போனுக்கும் வேறு டோக்கன். போன் தொலைந்தால் அதை மட்டும் ரத்து செய்துவிடலாம். முறையான லாகின் வழியும் இருக்கிறது. அதில் கிடைக்கும் டோக்கன் அரை மணி நேரம்தான் செல்லும், பிறகு பக்கம் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். முன்பு சொன்ன நூலகம் அதையும் செய்யும். வெளியூரிலிருந்து பார்க்க வேண்டும் என்று ரவுட்டரில் 8123-ஐ இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். வயர்கார்டு போன்ற விபிஎன், அதாவது வீட்டோடு பூட்டிய ஒரு தனிப்பாதை, வழியாக வாருங்கள்.

வேறு மென்பொருளிலும் கதை இதேதான். 2010-ல் காய் க்ரோய்ட்சர் ஜாவாவில் தொடங்கிய ஓப்பன்ஹேப் மென்பொருளில் என்டிட்டிக்குப் பதில் ஐட்டம் என்பார்கள். கேட்பது ஒரு செய்தி, நடந்ததாக வருவது வேறு செய்தி என்பது அங்கேயும் உண்டு.

பக்கம் தயாரானதும் பொத்தானை அழுத்திப் பார்ப்பதோடு சோதனையை முடித்துக்கொள்ளாதீர்கள். சுவரிலுள்ள ஸ்விட்சைக் கையால் போட்டுவிட்டு, தொடாமலே திரை மாறுகிறதா என்று பாருங்கள். ரிலேயின் கரண்டைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். சர்வரை மறுதொடக்கம் செய்து பாருங்கள். போனை ஏர்பிளேன் மோடில் கொஞ்ச நேரம் போட்டுவிட்டு எடுத்துப் பாருங்கள். என் முதல் பக்கம் இந்த நான்கிலும் தோற்றிருக்கும். இப்போதைய பக்கத்தில் மோட்டாருக்கு "ஓடுகிறது", "நிற்கிறது" என்பதோடு "தெரியவில்லை" என்று மூன்றாவது ஒரு சொல்லும் இருக்கிறது. போன வாரம் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "தெரியலன்னு போட்டிருக்குடா, போய் ரிலேயைப் பாரு" என்று என்னை எழுப்பினார். பிளக் லூசாக இருந்தது.